இந்திய - இலங்கைத் தடையில்லா வணிக உடன்பாடு

இந்திய - இலங்கைத் தடையில்லா வணிக உடன்பாடு என்பது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே பெரும்பாலான பண்டங்களின் மீதான சுங்க வரியைப் படிப்படியாக நீக்குவதற்காகச் செய்துகொள்ளப்பட்ட இருதரப்பு உடன்பாடு ஆகும். இது 1998 டிசம்பர் 28 அன்று புது தில்லியில் கையெழுத்திடப்பட்டது. இந்தியாவின் சார்பில் பிரதமர் அடல் பிகாரி வாச்பாயும் இலங்கையின் சார்பில் குடியரசுத் தலைவர் சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்கவும் கையொப்பம் இட்டனர். 2000 மார்ச் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

அளவில் பெரிதும் வேறுபட்ட இரண்டு அண்டை நாடுகள் எவ்வாறு வணிக உறவை அமைத்துக்கொள்ள முடியும் என்பதற்குத் தெற்காசியாவில் இது ஒரு முக்கிய எடுத்துக்காட்டாகக் கருதப்படுகிறது. வரியை நீக்குவதால் மட்டும் வணிகம் பெருகிவிடுவதில்லை என்பதையும், ஒதுக்கீடு, பிறப்பிட விதி, துறைமுகக் கட்டுப்பாடு போன்ற சிறு கூறுகளே பயனைத் தீர்மானிக்கின்றன என்பதையும் இவ்வுடன்பாட்டின் வரலாறு காட்டுகிறது. இக்கட்டுரை உடன்பாட்டின் கூறுகளையும் விளைவுகளையும், அம்பத்தூர், பாடி, ஆவடி, பூந்தமல்லி ஆகிய சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளுக்கு இவ்வுறவோடு உள்ள தொடர்பையும் விளக்குகிறது.

பின்னணி

இந்தியாவையும் இலங்கையையும் பாக்கு நீரிணை பிரிக்கிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மட்டுமே. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், சென்னை எழும்பூரில் தொடர்வண்டி ஏறும் பயணி தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மீண்டும் தொடர்வண்டி ஏறிக் கொழும்பை அடைய முடிந்தது. 'போட் மெயில்' என மக்கள் அழைத்த இந்த இணைப்பு, 1964 டிசம்பரில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது அவ்வழியே நின்றுபோனது. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வணிகமும் தோட்டத் தொழிலாளரின் குடிபெயர்வும் இரு கரைகளையும் நெடுங்காலம் இணைத்திருந்தன.

விடுதலைக்குப் பின் இரு நாடுகளும் உள்நாட்டுத் தொழில்களைப் பாதுகாக்கும் நோக்கில் உயர்ந்த சுங்க வரிகளை விதித்தன. இலங்கை 1977ஆம் ஆண்டிலும் இந்தியா 1991ஆம் ஆண்டிலும் தத்தம் பொருளாதாரங்களைத் திறந்துவிடத் தொடங்கின. எனினும் இடைப்பட்ட காலத்தில் அரசியல் உறவு பெரிதும் சீர்குலைந்திருந்தது. 1983 கலவரங்களுக்குப் பின் பெருந்தொகையான இலங்கைத் தமிழர் தமிழ்நாட்டில் ஏதிலிகளாகக் கரையேறினர். 1987ஆம் ஆண்டின் இந்திய - இலங்கை உடன்படிக்கையைத் தொடர்ந்து இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதி காக்கும் படை 1990 மார்ச்சில் திரும்பியது. 1991 மே 21 அன்று இந்தியாவின் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி, பூந்தமல்லிக்கு மேற்கே உள்ள திருப்பெரும்புதூரில் கொல்லப்பட்டார்.

அவ்வழக்கை விசாரித்த தனி நீதிமன்றம் பூந்தமல்லியிலேயே இயங்கியது. 1998 சனவரி 28 அன்று அது 26 பேருக்கும் மரண தண்டனை விதித்துத் தீர்ப்பளித்தது. (1999 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் நால்வரின் மரண தண்டனையை மட்டும் உறுதி செய்து, பத்தொன்பது பேரை விடுவித்தது.) அத்தீர்ப்பு வெளிவந்து சரியாகப் பதினொரு மாதங்கள் கழிந்து, அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று வணிக உடன்பாடு கையெழுத்தானது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் அப்போது போர் நடந்துகொண்டிருந்தது. அரசியல் வழியில் எளிதில் சீர்செய்ய இயலாத உறவைப் பொருளாதார வழியில் மீட்டெடுக்கும் முயற்சியாகவும் இவ்வுடன்பாட்டைக் காணலாம்.

உடன்பாட்டுக்கு வேறு இரண்டு காரணங்களும் இருந்தன. முதலாவது, 1996 முதல் இந்திய வெளியுறவுக் கொள்கையில் இடம்பெற்ற குஜ்ரால் கோட்பாடு. சிறிய அண்டை நாடுகளிடம் இருந்து சமமான கைம்மாறு எதிர்பாராமல் இந்தியா சலுகை அளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இரண்டாவது, சார்க் அமைப்பின் கீழ் 1995 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த தெற்காசிய முன்னுரிமை வணிக ஏற்பாட்டின் மந்தமான முன்னேற்றம். ஏழு நாடுகளும் ஒன்றாக நகர்வதைவிட இரு நாடுகள் முன்செல்வது எளிது எனப் புது தில்லியும் கொழும்பும் கருதின.

உடன்பாட்டின் முக்கிய கூறுகள்

பண்டங்கள் சுங்க வகைப்பாட்டின் ஆறு இலக்க எண்களின்படி பிரிக்கப்பட்டன. இரு நாடுகளும் ஒரே அளவான சலுகையை ஒரே காலத்தில் அளிக்க வேண்டியதில்லை என்பது இதன் சிறப்பியல்பு ஆகும்.

- உடனடி வரி விலக்கு: இந்தியா 1,351 பண்டங்களுக்கும் இலங்கை 319 பண்டங்களுக்கும் தொடக்கத்திலேயே முழு வரி விலக்கு அளித்தன.
- படிப்படியான நீக்கம்: விலக்குப் பட்டியலிலும் ஒதுக்கீட்டுப் பட்டியலிலும் சேராத ஏனைய பண்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு, வரியை முழுதும் நீக்க இந்தியாவுக்கு மூன்று ஆண்டுகளும் இலங்கைக்கு எட்டு ஆண்டுகளும் வழங்கப்பட்டன.
- விலக்குப் பட்டியல்: வரிச் சலுகையே இல்லாத பண்டங்களின் பட்டியல் இது. தொடக்கத்தில் இந்தியாவின் பட்டியலில் 429 பண்டங்களும் இலங்கையின் பட்டியலில் 1,180 பண்டங்களும் இருந்தன.
- ஒதுக்கீடு: இலங்கைத் தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோகிராம், ஆயத்த ஆடைகளுக்கு ஆண்டுக்கு 80 இலட்சம் உருப்படிகள் என்ற வரம்புக்குள் மட்டும் இந்தியா சலுகை அளித்தது.

பெரிய நாடு கூடுதலாகவும் விரைவாகவும் விட்டுக்கொடுக்க, சிறிய நாடு குறைவாகவும் மெதுவாகவும் விட்டுக்கொடுப்பது என்னும் நெறி இந்த எண்களில் வெளிப்படுகிறது. எனினும் இலங்கை பெரிதும் ஏற்றுமதி செய்யக்கூடிய தேயிலையும் ஆடையுமே ஒதுக்கீட்டுக்குள் அடக்கப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது.

பிறப்பிட விதிகள்

வரிச் சலுகை இரு நாடுகளில் உண்மையாகவே உருவாக்கப்பட்ட பண்டங்களுக்கு மட்டுமே உரியது. மூன்றாம் நாட்டுப் பண்டம் ஒன்று கொழும்பு வழியாகவோ சென்னை வழியாகவோ வரியின்றி நுழைவதைத் தடுக்கப் பிறப்பிட விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றின் சுருக்கம் வருமாறு:

- பண்டத்தின் ஏற்றுமதி விலையில் குறைந்தது 35 விழுக்காடு உள்நாட்டு மதிப்புக் கூட்டலாக இருத்தல் வேண்டும்.
- மற்ற உடன்பாட்டு நாட்டின் மூலப்பொருள் பயன்படுத்தப்பட்டால், இரு நாடுகளின் மதிப்பும் சேர்ந்து 35 விழுக்காடாகவும், அதில் ஏற்றுமதி செய்யும் நாட்டின் பங்கு குறைந்தது 25 விழுக்காடாகவும் இருந்தால் போதுமானது.
- மூன்றாம் நாட்டு மூலப்பொருளின் சுங்க வகைப்பாட்டு எண்ணும் முடிவுப் பொருளின் எண்ணும் முதல் நான்கு இலக்கங்களில் வேறுபட வேண்டும். அதாவது, வெறுமனே பொட்டலம் மாற்றுவதோ நீர் கலப்பதோ உற்பத்தியாகாது.

எடுத்துக்காட்டாக, ஓர் இயந்திர உறுப்பின் ஏற்றுமதி விலை 100 ரூபாய் எனக் கொள்வோம். அதில் மூன்றாம் நாடுகளில் இருந்து வாங்கிய எஃகு முதலியவற்றின் மதிப்பு 65 ரூபாயைத் தாண்டக்கூடாது. இதற்கான பிறப்பிடச் சான்றிதழை இந்தியாவில் ஏற்றுமதி ஆய்வுக் குழுவும் இலங்கையில் வணிகத் திணைக்களமும் வழங்க அதிகாரம் பெற்றன. சான்றிதழ் இல்லாத சரக்கு வழக்கமான வரியையே செலுத்த வேண்டும்.

வணிகத்தில் ஏற்பட்ட மாற்றம்

உடன்பாட்டுக்குப் பிந்தைய வணிகத்தின் போக்கை இலங்கையின் தரவுகளைக் கொண்டு பின்வருமாறு சுருக்கலாம். எண்கள் அனைத்தும் தோராயமானவை. அமெரிக்க டாலரில் தரப்பட்டுள்ளன.

- 2000: இந்தியாவில் இருந்து இலங்கைக்கு 60 கோடி, இலங்கையில் இருந்து இந்தியாவுக்கு 6 கோடி.
- 2005: இந்தியாவில் இருந்து 140 கோடி, இலங்கையில் இருந்து 56 கோடி.
- 2011: இந்தியாவில் இருந்து 440 கோடி, இலங்கையில் இருந்து 52 கோடி.
- 2018: இந்தியாவில் இருந்து 400 கோடிக்கு மேல், இலங்கையில் இருந்து 77 கோடி.

2000ஆம் ஆண்டில் இந்தியா பத்து டாலர் மதிப்புள்ள பண்டங்களை விற்றபோது இலங்கை ஒரு டாலர் மதிப்புள்ளவற்றை விற்றது. 2005இல் இந்த விகிதம் இரண்டரைக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்தது. 2011இல் மீண்டும் எட்டுக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டியது. இந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வனஸ்பதியும் செம்புமே பெரிதும் காரணமாக அமைந்தன.

வனஸ்பதி, செம்பு நிகழ்வு

அக்காலத்தில் பாமாயிலுக்கும் பழைய செம்புக்கும் இந்தியா விதித்த இறக்குமதி வரி உயர்வாகவும் இலங்கை விதித்த வரி குறைவாகவும் இருந்தது. இதனால் மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் பாமாயிலை இலங்கைக்குக் கொண்டுவந்து, அங்கே வனஸ்பதியாக மாற்றி, வரியின்றி இந்தியாவுக்கு அனுப்புவது இலாபகரமான தொழிலாயிற்று. பழைய செம்பை உருக்கிக் கம்பியாகவும் கட்டியாகவும் அனுப்பும் தொழிலும் அவ்வாறே வளர்ந்தது. இத்தொழிற்சாலைகளில் பலவற்றை இந்திய முதலீட்டாளர்களே நிறுவினர்.

இந்திய உற்பத்தியாளர்கள் இதற்குக் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். வனஸ்பதி வகைகளுக்கு ஆண்டுக்கு 2.5 இலட்சம் டன் என்ற வரம்பு விதிக்கப்பட்டது. பின்னர் இந்தியா தன் பாமாயில் இறக்குமதி வரியையே குறைத்தபோது, இலங்கை வழியாக வருவதால் கிடைத்த ஆதாயம் மறைந்து அத்தொழிற்சாலைகள் நலிவுற்றன. இரு நாடுகளின் வரி வேறுபாட்டை மட்டும் நம்பி எழுந்த தொழில் அவ்வேறுபாடு நீங்கும்போது நிலைக்காது என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகக் காட்டப்படுகிறது.

தேயிலை, ஆடை, மிளகு

தேயிலைக்கான ஒதுக்கீட்டில் சிறு பகுதியே பயன்பட்டது. குறிப்பிட்ட துறைமுகங்களின் வழியாக மட்டுமே தேயிலையும் ஆடைகளும் நுழையலாம் என்ற கட்டுப்பாடு தொடக்க ஆண்டுகளில் ஒரு தடையாக இருந்தது. ஆடைகளுக்கு அளிக்கப்பட்ட 80 இலட்சம் உருப்படிகளில் 60 இலட்சம் உருப்படிகள் இந்தியத் துணியால் தைக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. இக்கட்டுப்பாடுகள் பின்னர் தளர்த்தப்பட்டன.

மிளகு ஏற்றுமதி இலங்கைச் சிறு விவசாயிகளுக்கு ஓரளவு நன்மை அளித்தது. அதே வேளையில் கேரள மிளகு விவசாயிகள் விலை வீழ்ச்சிக்கு இதனையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டனர். வேறு நாட்டு மிளகும் பாக்கும் இலங்கைப் பொருளென்ற பெயரில் வருவதாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. 2017 டிசம்பரில் இந்தியா மிளகுக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் என்ற குறைந்தபட்ச இறக்குமதி விலையை அறிவித்தது. மின்கம்பி வடங்கள், கால்நடைத் தீவனம் போன்றவை ஆரவாரமின்றி வளர்ந்த இலங்கை ஏற்றுமதிகளாகும்.

சலுகைக்கு வெளியே நிகழும் வணிகம்

இலங்கை இந்தியாவுக்கு அனுப்பும் பண்டங்களில் பெரும்பகுதி இவ்வுடன்பாட்டின் சலுகையைப் பெற்றே செல்கிறது. மாறாக, இந்தியா இலங்கைக்கு அனுப்பும் பண்டங்களில் பெரும்பகுதி உடன்பாட்டுக்கு வெளியே, வழக்கமான வரி முறையிலேயே செல்கிறது. பெட்ரோலியப் பொருட்கள், ஊர்திகள், மருந்துகள், சர்க்கரை முதலியன இந்திய ஏற்றுமதியில் முதன்மையானவை. ஊர்தி போன்றவை இலங்கை அரசுக்குப் பெரும் வரி வருவாய் தருவதால் சலுகையில் சேர்க்கப்படவில்லை. வேறு சில பண்டங்களுக்கு வரி முன்னரே குறைவாகவோ இல்லாமலோ இருந்தது. ஆகவே இந்திய ஏற்றுமதியின் பெருக்கத்தை முழுவதுமாக இவ்வுடன்பாட்டின் விளைவு எனக் கூறுவது பொருந்தாது. வணிகப் பற்றாக்குறை பற்றிய விவாதங்களில் இச்செய்தி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகள்

இலங்கைச் சாலைகளில் ஓடும் பேருந்து, சரக்குந்து, முச்சக்கர ஊர்தி, ஈருருளி ஆகியவற்றில் இந்தியத் தயாரிப்புகள் பெருமளவில் உள்ளன. அத்தகைய ஊர்திகளுக்கு உறுப்புகள் செய்யும் தொழில் செறிந்துள்ள இடங்களுள் சென்னையின் மேற்குப் புறநகரும் ஒன்று.

பாடியில் 1960களில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பாசனர்ஸ் ஆகிய நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. சக்கரம், மின் இயக்கி, தடை, திருகாணி ஆகியன முறையே இவற்றின் தொடக்கத் தயாரிப்புகளாகும். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964ஆம் ஆண்டு தமிழக அரசால் தொடங்கப்பட்டது. லேத் பட்டறைகள், அச்சு வார்ப்பகங்கள், உலோகப் பூச்சுக் கூடங்கள் எனச் சிறு தொழிலகங்களே இதில் மிகுதி. மிதிவண்டி செய்யும் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அதற்கு முன்பே, 1949இல், அம்பத்தூரில் தொடங்கப்பட்டது. பூந்தமல்லிக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் அமைந்த ஹூண்டாய் மகிழுந்துத் தொழிற்சாலை, உடன்பாடு கையெழுத்தான 1998ஆம் ஆண்டிலேயே உற்பத்தியைத் தொடங்கியது.

சென்னையின் வடபகுதியான எண்ணூரைச் சேர்ந்த அசோக் லேலண்ட் நிறுவனம், இலங்கை அரசு சார்ந்த நிறுவனத்துடன் இணைந்து 1982இல் லங்கா அசோக் லேலண்ட் என்னும் கூட்டு நிறுவனத்தை உருவாக்கியது. இதன் தொழிற்சாலை கொழும்புக்கு அருகே ஓமாகமையை அடுத்த பனாகொடையில் உள்ளது. தடையில்லா வணிக உடன்பாட்டுக்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே தோன்றிய இக்கூட்டு முயற்சி, அரசியல் உறவு தாழ்ந்திருந்த ஆண்டுகளிலும் தொடர்ந்தது.

தொடர்வண்டித் துறையிலும் இத்தகைய தொடர்பு உண்டு. அம்பத்தூருக்குக் கிழக்கே, வில்லிவாக்கத்தை ஒட்டி அமைந்துள்ள பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை 1955 அக்டோபர் 2 முதல் இயங்கி வருகிறது. இலங்கைத் தொடர்வண்டித் துறைக்கான டீசல் தொடர்வண்டித் தொகுதிகள் இங்கே செய்யப்பட்டு அனுப்பப்பட்டன. இலங்கையில் எஸ் 11, எஸ் 13 என அறியப்படும் வகைகள் இத்தொழிற்சாலையின் தயாரிப்புகளாகும். போரினால் அழிந்த வடக்குப் பாதையை இந்தியக் கடனுதவியுடன் இர்கான் நிறுவனம் மீண்டும் அமைத்தது. 2014 அக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தடைந்தது. தலைமன்னார் பாதை 2015 மார்ச்சில் திறக்கப்பட்டது.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி ஆகிய மூன்றும் நெடுங்காலம் அடங்கியிருந்த திருவள்ளூர் மாவட்டத்தில்தான் புழல், கும்மிடிப்பூண்டி ஆகிய இலங்கைத் தமிழர் முகாம்கள் அமைந்தன. (அம்பத்தூர் வட்டம் 2018இல் சென்னை மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது.) இம்முகாம்களுக்கு 2021இல் தமிழ்நாடு அரசு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப் பெயரிட்டது. ஒரு நாட்டின் அமைதியின்மை அண்டை நாட்டின் ஊர்களில் எவ்வாறு பல பத்தாண்டுகள் தங்கிவிடுகிறது என்பதை இம்முகாம்கள் உணர்த்துகின்றன.

சிறு தொழிலகங்கள் எதிர்கொள்ளும் சிக்கல்கள்

உடன்பாட்டின் சலுகையைப் பெற ஒரு தொழிலகம் பின்வரும் படிகளைக் கடக்க வேண்டியுள்ளது: தன் பொருளின் சுங்க வகைப்பாட்டு எண்ணைச் சரியாக அறிதல், அது இலங்கையின் விலக்குப் பட்டியலில் இல்லை என உறுதி செய்தல், மூலப்பொருட்களின் விலைப்பட்டிகளைக் கொண்டு மதிப்புக் கூட்டலைக் கணக்கிட்டுக் காட்டுதல், பிறப்பிடச் சான்றிதழ் பெறுதல். பெரிய நிறுவனங்களில் இதற்கெனத் தனிப் பிரிவு இருக்கும். முதலாளியே கணக்கையும் பார்த்து, இயந்திரத்தையும் இயக்கும் பட்டறைகளுக்கு இது சுமையாகிறது. பொருளின் வரி குறைவாக இருந்தால், சான்றிதழுக்காகச் செலவிடும் நாட்கள் மீதமாகும் வரியை விடக் கூடுதல் இழப்பைத் தரலாம். இதனால் சலுகைக்கு உரிய சில சரக்குகளும் சலுகை கோராமலே செல்லக்கூடும். மேலும், இத்தகைய பட்டறைகள் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களுக்கே உறுப்புகளை விற்பதால், தாம் செய்த பொருள் எந்த நாட்டில் ஓடும் ஊர்தியில் பொருத்தப்படுகிறது என்பதை அறியாமலே இருப்பதும் உண்டு.

போக்குவரத்திலும் ஒரு முரண் காணப்படுகிறது. இரு நாடுகளுக்கும் இடையே மிகக் குறுகிய கடலே உள்ளது. ஆயினும் பாக்கு நீரிணையும் இராமர் பாலமும் ஆழமற்றவை என்பதால், சென்னையில் இருந்து கொழும்பு செல்லும் சரக்குக் கப்பல் இலங்கைத் தீவின் கிழக்குக் கரையைச் சுற்றியே செல்கிறது. இதனை மாற்றும் நோக்குடன் 2005 சூலையில் தொடங்கப்பட்ட சேது சமுத்திரத் திட்டம் நிறைவேறவில்லை. மறுபுறம், இந்தியாவின் பன்னாட்டுக் கொள்கலன்களில் கணிசமான பகுதி கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் மாற்றப்பட்டே பிற நாடுகளுக்குச் செல்கிறது. இதனால் இலங்கையின் துறைமுக வருவாயும் இந்தியாவின் ஏற்றுமதியும் ஒன்றையொன்று சார்ந்துள்ளன.

விரிவாக்க முயற்சிகள்

பண்டங்களுடன் சேவைகளையும் முதலீட்டையும் சேர்க்கும் நோக்கில் அமைக்கப்பட்ட கூட்டு ஆய்வுக் குழு 2003இல் அறிக்கை அளித்தது. அதன் அடிப்படையில் முழுமையான பொருளாதாரக் கூட்டாண்மை உடன்பாடு ஒன்றுக்கான பேச்சுக்கள் 2005இல் தொடங்கின. 2008ஆம் ஆண்டு கொழும்பில் நடந்த சார்க் மாநாட்டையொட்டி அது கையெழுத்தாகும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் இலங்கையில் எழுந்த எதிர்ப்பினால் கைவிடப்பட்டது.

2016இல் பொருளாதார, தொழில்நுட்பக் கூட்டுறவு உடன்பாடு என்ற புதிய பெயரில் பேச்சுக்கள் தொடங்கி, 2018 வரை பதினொரு சுற்றுகள் நடைபெற்றன. நீண்ட இடைவெளிக்குப் பின் 2023இல் அவை மீண்டும் தொடங்கின. 2024 டிசம்பரில் இலங்கைக் குடியரசுத் தலைவர் அனுர குமார திசாநாயக்க புது தில்லி சென்றபோது, பேச்சுக்களைத் தொடர இரு தரப்பும் இசைந்தன.

இரு தரப்பு விமர்சனங்கள்

இலங்கையில் முன்வைக்கப்படும் விமர்சனங்கள்:

- இந்தியாவின் மக்கள்தொகையும் சந்தையும் மிகப் பெரியவை. சேவைத் துறை திறக்கப்பட்டால் இந்திய மருத்துவரும் தகவல் தொழில்நுட்பப் பணியாளரும் உள்ளூர் வேலைவாய்ப்பைப் பறிப்பர் என்ற அச்சம்.
- வரி நீங்கினாலும் தரச் சோதனை, மாநில அளவிலான நடைமுறைகள், துறைமுகத் தாமதம் ஆகியன தடையாக நீடிப்பது.
- ஓர் இலங்கைப் பண்டம் இந்தியச் சந்தையில் வெற்றி பெற்றவுடன் இந்தியா புதிய கட்டுப்பாடு விதிக்கிறது என்ற மனக்குறை.

இந்தியாவில் முன்வைக்கப்படும் விமர்சனங்கள்:

- மூன்றாம் நாட்டுப் பண்டங்கள் இலங்கை வழியே நுழைகின்றன என்ற குற்றச்சாட்டு.
- மிளகு, தேயிலை, தென்னை ஆகியவற்றைப் பயிரிடும் தென்மாநிலச் சிறு விவசாயிகளின் பாதிப்பு.
- பாக்கு நீரிணையில் தமிழக மீனவர் கைது செய்யப்படுவதும் படகுகள் பறிமுதலாவதும் தொடரும்போது, வணிக உறவின் பயன் கடலோர மக்களை எட்டவில்லை என்ற குறை. இழுவை மடிப் படகுகளால் தம் வாழ்வாதாரம் அழிவதாக இலங்கையின் வட பகுதித் தமிழ் மீனவர் கூறுவதும் இங்குக் கருதத்தக்கது.

2022 பொருளாதார நெருக்கடியும் உதவியும்

2022இல் அந்நியச் செலாவணி தீர்ந்து, எரிபொருள், மருந்து, பால்மா ஆகியவற்றுக்கு இலங்கையில் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை நிறுத்தியது. இந்தியா அவ்வாண்டில் ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது. இதில் உணவு, மருந்து முதலிய இன்றியமையாப் பொருட்களுக்கான 100 கோடி டாலர் கடன், எரிபொருளுக்கான 50 கோடி டாலர் கடன், 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்றம் ஆகியன அடங்கும்.

தமிழ்நாடு சட்டமன்றம் 2022 ஏப்ரல் 29 அன்று, இலங்கை மக்களுக்கு உதவி அனுப்ப அனுமதி கோரும் தீர்மானத்தை நிறைவேற்றியது. 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், உயிர் காக்கும் மருந்துகள் என 123 கோடி ரூபாய் மதிப்பிலான பொருட்கள் அறிவிக்கப்பட்டன. முதற் கப்பல் 2022 மே 18 அன்று சென்னைத் துறைமுகத்தில் இருந்து புறப்பட்டது. தமிழர் பகுதிகளுக்கு மட்டுமன்றி இலங்கை மக்கள் அனைவருக்கும் என இவ்வுதவி வழங்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

இந்நெருக்கடி இந்தியத் தொழிலையும் தொட்டது. செலாவணியைக் காக்கும் பொருட்டு இலங்கை 2020 மார்ச்சில் ஊர்தி இறக்குமதியை நிறுத்தியது; 2025 தொடக்கத்தில்தான் தனியார் ஊர்திகளுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஓர் அண்மைச் சந்தை இந்திய ஊர்தித் தொழிலுக்கு மூடிக்கிடந்தது. அந்த ஆண்டுகளில் இலங்கைக்கு ஊர்தி அனுப்ப முடியாமல் போனதற்குச் சுங்க விகிதமோ விலக்குப் பட்டியலோ காரணமன்று. வாங்குபவரிடம் பணம் இல்லாமையே காரணம்.

போக்குவரத்து இணைப்புகள்

- யாழ்ப்பாணம் பலாலி வானூர்தி நிலையம் 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னைக்கான சேவை அவ்வாண்டு நவம்பரில் தொடங்கி, 2020இல் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது.
- நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் சேவை 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கப்பட்டது. சில நாட்களில் நின்ற இச்சேவை 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது.
- 2024 பிப்ரவரியில் இந்தியாவின் யுபிஐ பணம் செலுத்தும் முறை இலங்கையில் அறிமுகமானது.

மதிப்பீடு

கையெழுத்தாகிக் கால் நூற்றாண்டு கடந்த நிலையில் இவ்வுடன்பாட்டை வெற்றி என்றோ தோல்வி என்றோ ஒரே சொல்லில் அடக்க இயலாது. இலங்கையின் ஏற்றுமதி உயர்ந்தது. ஆனால் எதிர்பார்த்த தேயிலையாலும் ஆடையாலும் அன்று. இந்தியாவின் ஏற்றுமதியும் உயர்ந்தது. ஆனால் பெரும்பாலும் உடன்பாட்டின் சலுகையால் அன்று. சமமற்ற இரு நாடுகளுக்கிடையே சமமற்ற சலுகைகளே நியாயமானவை என்னும் நெறியை எழுத்தில் ஏற்றுக்கொண்டதே இதன் நிலையான பங்களிப்பு எனலாம். அந்நெறி உடன்பாட்டின் தாளில் எவ்வளவு இடம்பெற்றதோ, அவ்வளவு துறைமுக வாயிலிலும் சோதனைக் கூடத்திலும் இடம்பெறவில்லை என்பதே சிறிய நாட்டின் முறையீடாக இருந்து வந்துள்ளது. விரிவான உடன்பாடு எதுவும் கையெழுத்தாகாமல் இருப்பதற்கு அவநம்பிக்கை ஒரு முக்கிய காரணம். 2022ஆம் ஆண்டின் உதவிகள் அந்த அவநம்பிக்கையை ஓரளவு குறைத்தன.

இவற்றையும் பார்க்க

- சார்க்
- தெற்காசியத் தடையில்லா வணிகப் பரப்பு
- குஜ்ரால் கோட்பாடு
- அம்பத்தூர் தொழிற்பேட்டை
- இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, பெரம்பூர்
- சேது சமுத்திரத் திட்டம்
- போட் மெயில்